2.0-க்கான பாதையை 1.9-லேயே போட்டுவிடுங்கள்

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் நண்பர்களும் சேர்ந்து பைத்தான் மொழியில் ஒரு சிறிய ஃபிரேம்வொர்க் (செயலிகளைக் கட்டுவதற்கான அடித்தளம்) எழுதி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருக்கிறார்கள். கொழுந்து நிறுவை, பிரட்டுப் பதிவு (காலை ஆள் கணக்கு), மாதச் சம்பளக் கணக்கு, சிறு தோட்டக்காரர்களுக்கான கொழுந்துப் பற்றுச்சீட்டு போன்ற செயலிகளை அதை வைத்துச் சீக்கிரம் கட்டிவிடலாம். இப்போது ஓடுவது 1.6 வெர்ஷன். தலவாக்கலை, கொட்டகலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள். இவர்களுக்கு அறிமுகமே இல்லாத சிலரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்களாம். அடுத்து 2.0 எழுதப் போகிறார்கள். டேட்டாபேஸ் அடுக்கு மாற வேண்டும், டெம்ப்ளேட் முறை (திரைகளை வடிவமைக்கும் முறை) மாற வேண்டும், பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் பெயர்கள் யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டுக்கு வர வேண்டும், பழைய பைத்தானையும் விட்டுவிட வேண்டும். "எல்லாவற்றையும் ஒரே ரிலீஸில் செய்துவிடலாமா? பழைய வெர்ஷனை எவ்வளவு காலம் பார்த்துக்கொள்வது? இவ்வளவு மாறுவதால் பெயரையே மாற்றிவிடலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். 2.0-இல் புதிதாக எதையும் வைக்காதீர்கள். நீங்கள் செய்ய நினைக்கும் புதியவை எல்லாம் 1.7, 1.8, 1.9 என்று வரிசையாக, பழையவற்றுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரட்டும். பழையதும் ஓடும், புதியதும் ஓடும், பழையதைக் கூப்பிட்டால் எச்சரிக்கை வரும். 1.9-இல் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் ஓடும் செயலி, 2.0-இலும் ஒரு வரி மாறாமல் ஓட வேண்டும். 2.0 என்பது 1.9-இலிருந்து பழைய கோடை நீக்கிய வெர்ஷன், அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. பிஎச்பி உலகத்தில் சிம்ஃபனி என்ற ஃபிரேம்வொர்க் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறது. 2021 நவம்பரில் 5.4-உம் 6.0-உம் ஒன்றாகவே வெளிவந்தன. இரண்டிலும் உள்ள வசதிகள் ஒன்றே; கைவிடப்பட்டவை 5.4-இல் எச்சரிக்கையோடு இருந்தன, 6.0-இல் இல்லை. 5.4 நீண்ட காலம் ஆதரிக்கப்படும் வெர்ஷனும்கூட. ஆகவே அவசரம் இல்லாதவர் அங்கேயே இருந்துகொண்டு ஆறுதலாகச் சுத்தம் செய்யலாம். 2020 ஜூனில், இணையதளம் கட்டும் மென்பொருளான டுரூபலும் 8.9-ஐயும் 9.0-ஐயும் இதே மாதிரி ஒரே நாளில் வெளியிட்டது.

டுரூபலின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் அந்த முறைக்கு வந்தது பெரிய வலிக்குப் பிறகு. 2011 ஜனவரியில் டுரூபல் 7 வந்தது. 2015 நவம்பரில் வந்த டுரூபல் 8, உள்ளுக்குள் ஏறக்குறைய வேறொரு மென்பொருள். 7-க்கு எழுதிய மாட்யூல்கள் (துணைத்தொகுதிகள்) 8-இல் ஓடாது. புதிதாக ஒரு தளத்தை எழுப்பி, உள்ளடக்கத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பலர் அதற்குத் துணியவில்லை. டுரூபல் 7-க்கான ஆதரவை நிறுத்தும் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஜனவரியில்தான் நிறுத்த முடிந்தது. ஒரு வெர்ஷனை 14 ஆண்டுகள் சுமந்தார்கள். 8-இலிருந்து 9-க்கு வந்தவர்களுக்கோ கைவிடப்பட்ட அழைப்புகளை மாற்றினாலே போதுமாக இருந்தது. ஒரே திட்டம், ஒரே சமூகம். பாதை இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

பைத்தான் 3 பற்றி உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2008 டிசம்பரில் 3.0 வந்தபோது, ஒரு மாற்றுக் கருவியைக் கொடுத்து "இதை ஓட்டினால் உங்கள் பழைய கோட் புதியதாகிவிடும்" என்பதே எண்ணமாக இருந்தது. நடைமுறையில் லைப்ரரி (பிறர் தம் செயலிகளில் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோட்) எழுதியவர்களுக்கு அது உதவவில்லை. அவர்களுடைய பயனர்களில் பாதிப் பேர் 2-இலும் பாதிப் பேர் 3-இலும் இருந்தார்கள். இரண்டிலும் ஓடும் ஒரே கோட்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் 2012-இல் வந்த 3.3, யூனிகோட் சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) முன்னால் போடும் பழைய யூ எழுத்தைத் திரும்ப அனுமதித்தது. அந்த எழுத்துக்கு 3-இல் எந்த வேலையும் இல்லை. இரண்டு பக்கமும் ஓடும் கோடை எழுத விடுவதற்காக மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரிய லைப்ரரிகளின் மாற்றம் அதற்குப் பிறகு சூடு பிடித்தது. 2.7-க்கான ஆதரவு 2015-இல் முடிவதாக இருந்ததை 2014-இல் ஐந்து ஆண்டுகள் நீட்டி, 2020 ஜனவரி 1 என்று வைத்தார்கள்.

ஆகவே கோடை மாற்றிக் கொடுக்கும் கருவியை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், பழைய முறையும் புதிய முறையும் ஒரே செயலிக்குள் ஒரே நேரத்தில் ஓட முடியுமா என்பதைப் பாருங்கள். தலவாக்கலைக்காரர் தம் நிறுவைத் திரையைப் புதிய டெம்ப்ளேட்டுக்கு மாற்றிவிட்டு, சம்பளத் திரையைப் பழையதிலேயே இரண்டு மாதம் விட்டுவைக்க முடிய வேண்டும். 2020 ஒக்டோபரில், இணையத் திரைகளைக் கட்டும் லைப்ரரியான ரியாக்டின் 17 வெளிவந்தபோது, பயன்படுத்துபவர்களுக்குப் புதிய வசதி எதுவும் இதில் இல்லை என்று அவர்களே அறிவித்தார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு ரியாக்ட் வெர்ஷன்கள் இடறாமல் ஓடுவதற்கான வேலையையே அதில் செய்திருந்தார்கள். படிப்படியாக மாறுவதை எளிதாக்கவென்றே ஒரு பெரிய எண்ணைச் செலவழித்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் மலையில் கவ்வாத்து (தேயிலைச் செடியை உயரம் குறைத்து வெட்டுவது) வெட்டுவதை நினைத்துப் பாருங்கள். எந்தத் தோட்டத்திலும் எல்லா மலையையும் (தேயிலைப் பகுதியையும்) ஒரே ஆண்டில் வெட்டுவதில்லை. ஒரு மலை கவ்வாத்தில் கிடக்கும்போது மற்ற மலைகளில் கொழுந்து பறிபட்டுக்கொண்டே இருக்கும். வெட்டும் செடியிலும் சில இடங்களில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுத்தான் வெட்டுவார்கள், செடி பட்டுப்போகாமல் இருக்க. உங்கள் நான்கு மாற்றங்களையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும்.

எந்த வரிசையில் என்பதற்கு என் யோசனை இது. டெம்ப்ளேட் 1.7-இல் வரட்டும். நான்கில் ஆபத்துக் குறைந்தது அதுதான். பிழைத்தால் திரை கோணலாகும், கணக்குக் கெடாது. உங்களுடைய எச்சரிக்கை ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதையும் அதில் பழகிவிடலாம். டேட்டாபேஸ் அடுக்கு 1.8-இல். பாமினியிலிருந்து யூனிகோட் 1.9-இல், ஆனால் அதற்கான கருவியை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும். பழைய பைத்தானை விடுவதை இவற்றோடு கலக்கவே வேண்டாம்.

பைத்தானை ஏன் தனியாக வைக்கச் சொல்கிறேன் என்றால், அது கோட் சம்பந்தப்பட்ட முடிவு மட்டும் அல்ல. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. அதற்கான ஆதரவு 2024 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. பாதுகாப்பு என்று பார்த்தால் 3.8-ஐ விட வேண்டியதுதான். ஆனால் நீங்கள் 3.8-ஐ விடும் நாளில் விண்டோஸ் 7 ஓடும் எல்லாக் கணினிகளையும் விட்டுவிடுகிறீர்கள். நம் பக்கத்துத் தோட்ட ஆபீஸ்களிலும் சின்னக் கொழுந்துக் கடைகளிலும் என்ன கணினி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்ப் பக்கம் போன பிறகு, கணினி மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. அவர்களிடம் "கணினி மாற்றுங்கள்" என்பதையும் "செயலியை மாற்றி எழுதுங்கள்" என்பதையும் ஒரே கடிதத்தில் சொன்னால் இரண்டும் நடக்காது. முதலில் கேட்டு ஒரு கணக்கு எடுங்கள். அப்புறம் 2.0-க்கு ஓர் ஆண்டு முன்னாலேயே எந்த இயங்குதளம் வரை ஆதரிப்பீர்கள் என்று அறிவித்துவிடுங்கள்.

எண்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் எண் மாறினால் ஏதோ உடையும். நடு எண் மாறினால் புதியது வரும், எதுவும் உடையாது. கடைசி எண் மாறினால் திருத்தம் மட்டும். இந்த வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கண்டிப்பு: கடைசி எண் மட்டும் மாறும் ரிலீஸில் எந்தச் சின்ன வசதியையும் நுழைக்காதீர்கள். 1.6.4-ஐப் பார்த்ததும் யோசிக்காமல் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால், பாதுகாப்புத் திருத்தத்தைக்கூட யாரும் போடமாட்டார்கள்.

எச்சரிக்கைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாதை முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது. பைத்தானில் வழக்கமான கைவிடல் எச்சரிக்கை, தனியாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் கண்ணுக்கே வராது. 2.7, 3.2 வந்த காலத்திலிருந்து அதை மறைத்தே வைத்திருக்கிறார்கள், 3.7-க்குப் பிறகு நேரடியாக ஓட்டும் கோப்பில் உள்ளவை மட்டும் தெரியும். நீங்கள் இரண்டு ஆண்டுகள் எச்சரித்துக்கொண்டே இருப்பீர்கள், அங்கே ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ செய்வதைப் போல உங்களுக்கென்று தனி எச்சரிக்கை வகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்த வெர்ஷனில் நீங்கப் போகிறது என்பது அதன் பெயரிலேயே இருக்கட்டும். எச்சரிக்கை காட்டும் வரி உங்கள் ஃபிரேம்வொர்க்குக்குள் இருக்கும் வரியாக இருக்கக் கூடாது, பயன்படுத்துபவர் எழுதிய வரியாக இருக்க வேண்டும். பதிலுக்கு எதை எழுத வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கான விளக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தால், தொலைபேசியில் ஒருவர் "17 வருகிறது" என்று சொன்னதுமே உங்களுக்கு விஷயம் புரியும். மொத்தச் செயலியையும் சோதித்து "இன்னும் 42 இடங்கள் மிச்சம்" என்று சொல்லும் ஒரு கட்டளையும் இருந்தால் நல்லது. குறைந்துகொண்டே வரும் எண்ணைப் பார்க்கும்போது ஆட்கள் வேலையை முடிப்பார்கள்.

ஜாங்கோவின் விதி இங்கே பின்பற்றத் தகுந்தது: ஒன்றைக் கைவிடுவதாக அறிவித்தால், நீக்குவதற்கு முன் குறைந்தது இரண்டு ரிலீஸ்களிலாவது அது எச்சரிக்கையோடு ஓட வேண்டும். உங்கள் நடைமுறைக்கு மாற்றினால், 1.9-இல் முதன்முதலாக எச்சரித்ததை 2.0-இல் நீக்காதீர்கள், அடுத்த பெரிய எண்ணான 3.0 வரை விட்டுவையுங்கள்.

சரி, இனித் தரவுக்கு வருவோம். கோடில் பிழைத்தால் பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுவிடலாம். தரவைப் பிழையாக மாற்றிவிட்டு, அதன்மேல் மூன்று நாள் நிறுவையும் பதிந்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. உங்கள் நான்கு மாற்றங்களில் எனக்கு உண்மையில் பயம் தருவது பாமினிதான்.

பாமினி என்பது எழுத்துரு மட்டுமே, எழுத்துக் குறியீடு அல்ல. கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள். எஃப் இருக்கும் இடத்தில் திரையில் 'க' தெரியும், கே இருக்கும் இடத்தில் 'ம' தெரியும். டேட்டாபேஸில் ஒரு பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதா, பாமினியில் எழுதப்பட்டதா என்று இயந்திரம் உறுதியாகச் சொல்லவே முடியாது, இரண்டும் ஒரே எழுத்துகள்தான். அட்டவணையின் ஒரே நிரலில் (மேலிருந்து கீழாக வரும் பத்தியில்) கணக்கப்பிள்ளை ஒருவர் பாமினியில் பதிந்திருப்பார், அடுத்து வந்தவர் ஆங்கிலத்தில் பதிந்திருப்பார். சுலபமாகப் பிரியக்கூடியவற்றைக் கருவி பிரிக்கட்டும்: பெயரின் நடுவில் அரைப்புள்ளி இருந்தால் அது பாமினியின் மெய்ப்புள்ளியாகத்தான் இருக்கும். சந்தேகமானவற்றை ஒரு பட்டியலாக எடுத்து மனிதக் கண்ணுக்குக் காட்டுங்கள். இந்த வேலையை அந்தத் தோட்டத்தை அறிந்தவரால்தான் செய்ய முடியும், உங்களால் முடியாது. கருவி அதற்கு ஒரு திரையைக் கொடுக்க வேண்டும்: இடப்பக்கம் உள்ளபடி, வலப்பக்கம் மாற்றினால் வரப்போவது, நடுவில் ஆம், இல்லை.

வரிசை விஷயமும் இருக்கிறது. பாமினியில் 'கொ' என்று தட்டும்போது கொம்பு முதலில், 'க' அடுத்து, கால் கடைசியில். யூனிகோடில் மெய்யெழுத்து முதலில் வரும், உயிர்க்குறி பிறகு. இதைக் கருவிகள் பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும். அதற்குப் பிறகுதான் யாரும் எதிர்பாராத இடத்தில் கால் வழுக்கும். யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒழுங்குபடுத்தாமல் ஒப்பிட்டால் 'கொழுந்து' 'கொழுந்து'க்குச் சமம் இல்லை என்று கணினி சொல்லும். தேடினால் கிடைக்காது, ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாகிவிடுவார். உள்ளே வரும் ஒவ்வொரு சரத்தையும் யூனிகோடின் ஒழுங்குபடுத்தல் முறைகளில் 'என்எஃப்சி' எனப்படும் வடிவத்துக்கு ஃபிரேம்வொர்க்கே மாற்றிவிட்டால் இது தீரும். 'ஸ்ரீ' மட்டும் தீராது. அதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றென்று யூனிகோட் சொல்லவில்லை. ஸ்ரீகாந்தன்களும் ஸ்ரீதேவிகளும் நம் பெயர்ப் பட்டியல்களில் குறைவில்லையே, அதற்கு உங்கள் கருவியில் தனியாக ஒரு விதி போட வேண்டியிருக்கும்.

டேட்டாபேஸ் மாற்றத்தில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் புதிய நிரலைச் சேருங்கள், பழையதை நீக்காதீர்கள். அடுத்த ரிலீஸில் இரண்டிலும் எழுதுங்கள். பழைய வரிசைகளை ஆறுதலாக நிரப்புங்கள். பிறகு புதியதிலிருந்து படியுங்கள். எல்லாம் அமைதியாக ஓடிய பின்பு, 2.0-இல் பழைய நிரலை எடுத்துவிடுங்கள். தேசிய அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் 12 இலக்க எண் வந்தது, ஆனால் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டைகள் செல்லாமல் போகவில்லை. பழையதிலிருந்து புதிய வடிவத்தைக் கணக்கிடவும் முடியும்: முன்னால் 19, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு 0, கடைசி எழுத்து நீங்கும். உங்கள் 1.6-இல் அந்த நிரல் 10 எழுத்து அகலம்தான் என்று எழுதியிருந்தீர்கள். அதை 12 ஆக்கிப் பழைய எண்களையெல்லாம் மேலெழுதிவிடாதீர்கள். அட்டையில் உள்ளபடியே ஒரு நிரல், கணக்கிட்ட 12 இலக்கம் இன்னொரு நிரல். ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தில் பழைய எண் இருக்கும், கையிலிருக்கும் அட்டையில் புதிய எண் இருக்கும்; இரண்டாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

மாற்றம் முடிந்ததும் "வெற்றி" என்று ஒரு வரி காட்டினால் போதாது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சில கூட்டுத்தொகைகளை எடுத்து ஒப்பிடுங்கள்: ஆட்களின் எண்ணிக்கை, மாதவாரியாக மொத்தக் கிலோ, மொத்தப் பேர் (முழு நாள் வேலைக் கணக்கு), அரைப்பேர் (அரை நாள்), கொடுத்த சம்பளம், சேமலாப நிதிக்குப் பிடித்த 8 வீதம், தோட்டம் கட்டிய 12 வீதம். சதம்கூடப் பிசகக் கூடாது, பிசகினால் கருவி தானாகவே பழைய நிலைக்குப் போய்விட வேண்டும். தீபாவளி முற்பணத்தை மறந்துவிடாதீர்கள். கொடுத்தது ஒரு மாதத்தில், பிடிப்பது அடுத்தடுத்த மாதங்களில். மாற்றம் நடக்கும் நாளில் பாதிதான் பிடிபட்டிருக்கும். மிச்சத் தவணை இரண்டு முறை பிடிபட்டால் அந்த மாதம் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டில் கை வைத்தவர்களாகிவிடுவோம். சோதனைக்கு உண்மையான தரவின் நகல் தேவைதான். ஆனால் அடையாள அட்டை எண்களையும் பெயர்களையும் மறைத்துத் தரும் வசதியை முதலில் கட்டிக்கொண்டு, பிறகு கேளுங்கள். 2022-இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்ய வேண்டிய காரியம்.

புதிய வெர்ஷனுக்கு வருபவர் இரண்டு சம்பள மாதமாவது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் மட்டும் தொடங்கினால் போதும்.

எப்போது வெளியிடுவது என்பதையும் நாம் நம் ஊரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஏப்ரலும் மேயும் வேண்டாம். புத்தாண்டு விடுமுறை ஒரு பக்கம், மேற்குச் சரிவுகளில் கொழுந்து அதிகம் வரும் காலம் இன்னொரு பக்கம். நிறுவைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தீபாவளிக்கு முந்திய வாரங்களும் வேண்டாம், முற்பணக் கணக்கு ஓடும். எந்த மாதத்திலும் சம்பளம் கொடுப்பதற்கு முந்திய பத்து நாட்களில் எதையும் வெளியிடாதீர்கள், பாதுகாப்புத் திருத்தத்தைத் தவிர. ஆறு மாதத்துக்கு ஒரு நடு எண் என்று வைத்து, பெப்ரவரி, ஓகஸ்ட் என்று தேதியைக் கட்டிவிட்டால் நல்லது. அந்தத் தேதிக்குள் முடியாத வசதி அடுத்த ரிலீஸுக்குப் போகட்டும், அதற்காக ரிலீஸ் காத்திருக்க வேண்டாம். சிக்னல் இல்லாத மலைகளுக்குப் பென் டிரைவில்தான் போகும் என்பதால், தேவையான லைப்ரரிகள் அனைத்தும் ஒரே கோப்புறையில் இருந்து, இணையம் இல்லாமலே நிறுவக்கூடியதாகவும் கொடுங்கள். 1.6-இலிருந்து நேராக 1.9-க்குத் தாவவும் முடிய வேண்டும். ஒவ்வொரு படியையும் ஏறித்தான் வர வேண்டும் என்றால், மூன்று ஆண்டுகள் தூங்கிய ஒரு கணினி அங்கேயே நின்றுவிடும்.

இப்போது பழைய வெர்ஷனை எவ்வளவு காலம் பார்ப்பது என்ற கேள்வி. ஜாங்கோ தன்னுடைய நீண்ட ஆதரவு வெர்ஷன்களை மூன்று ஆண்டுகள் பார்க்கிறது. அவர்களிடம் அதற்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஐந்து பேர், எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. 2.0 வெளிவரும் நாளிலிருந்து 18 மாதம் என்று நான் சொல்வேன். அதில் 1.9-க்கு மூன்றே மூன்று வகைத் திருத்தங்கள்: பாதுகாப்பு, தரவு அழியக்கூடிய பிழை, அரசாங்கம் மாற்றும் சட்ட விதிகள். 1.6, 1.7, 1.8-க்கு எதுவும் இல்லை, 1.9-க்கு வந்தால் போதும் என்று சொல்லிவிடலாம், 1.9 எதையும் உடைக்காதபடியால் அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது வகையைச் சும்மா சேர்க்கவில்லை. 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அடுத்த சம்பளத்துக்குள் நீங்கள் ஆதரிக்கும் எல்லா வெர்ஷனிலும் அது இருக்க வேண்டும், "2.0-க்கு வாருங்கள், அதில் இருக்கிறது" என்று சொல்ல முடியாது. தொழிலாளியின் சம்பளத்தைப் பணயமாக வைத்து அப்கிரேட் செய்ய வைப்பது தப்பு. 1.7-லேயே சம்பள விதிகளைக் கோடிலிருந்து பிரித்து, திகதியோடு கூடிய தனி அட்டவணையாக ஆக்கிவிடுங்கள். இன்ன நாளிலிருந்து இன்ன தொகை என்று ஒரு வரி சேர்த்தால், எந்த வெர்ஷனும் அதைப் படித்துக்கொள்ளும். பழைய வெர்ஷனைப் பராமரிக்கும் சுமையில் பெரிய பங்கு அதோடு இறங்கிவிடும்.

உங்கள் ஃபிரேம்வொர்க்குக்கு வெளி ஆட்கள் எழுதிய துணைத்தொகுதிகள் இருக்கின்றன என்றும் சொல்லியிருந்தீர்கள், தராசு இணைப்பு, ரசீது பிரிண்டர் என்று. அவர்களைக் கடைசியில் சந்திக்காதீர்கள். ரியாக்டைப் போன்ற வியூவின் 3 வந்தது 2020 செப்டெம்பரில். ஆனால் அதை வழக்கமான வெர்ஷனாக 2022 பெப்ரவரியில்தான் அறிவித்தார்கள், சுற்றியிருக்கும் கருவிகளும் லைப்ரரிகளும் வந்து சேர அவ்வளவு காலம் பிடித்தது. இன்னும் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள்: 2022 ஜூலையில் 2.7 என்று ஒன்றை வெளியிட்டு, 3-இன் முக்கியமான எழுதும் முறையைப் பழைய வெர்ஷனுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அது 3-க்கு முன்னாலேயே வந்திருந்தால் எவ்வளவோ பேருக்கு வழி சுலபமாகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். தராசு இணைப்பு எழுதியவருக்கு 1.8-இன் சோதனை வெர்ஷன், பயனர்களுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே போய்ச்சேரட்டும். தராசு ஓடாத வெர்ஷன் கொழுந்து மடுவத்தில் (நிறுவை நடக்கும் கொட்டகையில்) ஒரு நாள்கூட நிற்காது.

கடைசியாகப் பெயர். வெப்டுபை என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டில் பிறந்த சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் முதலில் பிஎச்பியில் இருந்தது. பிறகு பைத்தானில் எழுதப்பட்ட சஹானா ஈடன் இந்த வெப்டுபையின் மேல்தான் நின்றது. பழைய செயலி எதையும் உடைக்க மாட்டோம் என்பது வெப்டுபை கொடுத்த வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். அதனாலேயே அடிப்படை வடிவமைப்பை மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, அதை வெப்டுபையின் அடுத்த வெர்ஷனாக வெளியிடாமல் பை4வெப் என்று வேறு பெயரில் எழுதினார்கள். டேட்டாபேஸ் அடுக்கை மட்டும் தனி லைப்ரரியாகப் பிரித்து, இரண்டும் அதையே பயன்படுத்தும்படி வைத்தார்கள். ஆகவே அட்டவணை வரையறைகளைப் பெரிதாக மாற்றாமல் எடுத்துப்போக முடிந்தது. பெயரை மாற்றுவதற்கு அது நியாயமான காரணம்: நடந்தே போகக்கூடிய பாதை இல்லை, புதிய வீடு வேறு இடத்தில் இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்கிறது. ஆங்குலர் என்ற இணைய ஃபிரேம்வொர்க் பெயரை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றப்போவதாக 2014-இல் அறிவித்தபோது எவ்வளவு கோபம் எழுந்தது, இரண்டும் எத்தனை ஆண்டுகள் குழம்பிக் கிடந்தன என்பதையும் பார்த்தோம். உங்களுக்கு 1.9 வழியாக நடந்தே போகும் பாதை இருக்கப்போகிறது. பெயர் அப்படியே இருக்கட்டும்.

தேதி கேட்டிருந்தீர்கள். அதை இப்போது சொல்ல முடியாது. முதலில் பாமினி மாற்றியை எழுதி, உங்களிடம் உள்ள ஆகப் பழைய பெயர்ப் பட்டியலில் ஓட்டிப் பாருங்கள். மனிதக் கண்ணுக்கு எத்தனை பெயர்கள் மிஞ்சுகின்றன என்று தெரிந்தால் 1.9-க்கு எத்தனை மாதம் வேண்டும் என்பது தெரியும், 2.0-இன் தேதியை அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்.